தூரத்து மலையை மறைத்தது யார்?

சென்ற ஆண்டு ஓர் ஆய்விதழில் வெளிவந்த என் ஆங்கிலக் கட்டுரையில் ஒரு பத்தி தவறானது. ஓரமாக நிற்கும் பத்தியாக இருந்திருந்தால் திருத்தக் குறிப்பு ஒன்றை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் கட்டுரை முழுவதும் அதன்மீதுதான் நிற்கிறது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயலும் அதை நம்பியே எழுதப்பட்டது. இதுவரை மூவர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அவர்களுள் இருவர் இங்கே என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். தவறு எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு தெரியவந்தது என்பதைத் தனித்தனியே விளக்குவதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

நான் வளர்ந்தது சிவகங்கைப் பக்கம். மூடுபனி எங்களுக்கு அன்னியமான பொருள். மார்கழி விடியலில் கண்மாய்க் கரையில் வெண்புகை போல ஏதோ சிறிது நேரம் நிற்கும். ஏழு மணிக்குள் வெயில் அதைத் துடைத்துவிடும். மலைப்பனியை நான் முதன்முதலில் பார்த்தது 'மூன்றாம் பிறை' படத்தில். 1982இல் வந்த அப்படத்தைப் பல ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதை இயக்கிய பாலு மகேந்திராவே ஒளிப்பதிவும் செய்து, அதற்காகத் தேசிய விருதும் பெற்றார் என்பதெல்லாம் பின்னாளில் அறிந்தது. அன்று கதைகூடச் சரியாகப் புரியவில்லை. நீலகிரிச் சரிவில் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போய், கடைசி வரிசை இருக்கிறதா இல்லையா என்று ஐயுறச் செய்யும் ஓர் இடம் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. பிறகு கையில் ஒரு கேமரா கிடைத்தபோதெல்லாம் நான் தேடியது அந்தக் கடைசி வரிசையைத்தான். டெல்லிக்கு வந்து, புகைப்பட வரலாற்றை ஆய்வுத் துறையாகத் தேர்ந்துகொண்டதற்கும் அதுவே காரணம் என்று நேர்காணலில் சொல்ல முடியாது. அங்கே வேறு காரணங்களைச் சொன்னேன்.

டெல்லியில் ஒரு சேகரிப்பில் சாமுவேல் போர்னின் அச்சுப்படங்களை முதன்முறை பார்த்த நாளில் அந்த மரவரிசை திரும்ப வந்தது. போர்ன் நாட்டிங்காமில் வங்கி எழுத்தராக இருந்தவர். 1863இல் இந்தியா வந்து சிம்லாவில் தொழில் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலை இறுதியில், மழைக்காலத்திலேயே, ஏறத்தாழ முப்பது சுமைகூலிகளுடன் சட்லெஜ் பள்ளத்தாக்கை நோக்கிப் புறப்பட்டார். பத்து வாரங்கள் கழித்து 147 நெகட்டிவ்களுடன் திரும்பினார். மறு ஆண்டு காஷ்மீர். 1866இல் மணிரங் கணவாய். 18,600 அடி உயரத்தில் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தார். அதற்கு முன் எவரும் அவ்வளவு உயரத்தில் கேமராவை நிறுத்தியதில்லை.

அவருடைய மலைப்படங்கள் பலவற்றில் ஓர் ஒற்றுமை உண்டு. முன்னால் உள்ள தேவதாரு மரம் ஊசி ஊசியாகத் தெளிவாக இருக்கும். அடுத்த சரிவு சற்று மங்கும். அதற்கப்பால் உள்ளவை மூச்சுக்காற்றுப் பட்ட கண்ணாடி போல வெளிறும். வானம் வெறும் தாள். இதைப் பார்த்துத்தான் நான் அந்தப் பத்தியை எழுதினேன். தூரத்து மலைகளைப் பனியில் கரைப்பதன் மூலம் போர்ன் அந்நிலத்தை எல்லையற்றதாகவும் ஆளற்றதாகவும் காட்டுகிறார். மூடுபனி இங்கே வானிலை அன்று, ஆள வந்தவனின் அழகியல் தெரிவு. இதுவே அப்பத்தியின் சாரம். எழுதிய இரவில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இவ்வளவு பிடித்த வாக்கியத்தை ஐயப்பட்டிருக்க வேண்டும்.

கட்டுரை அச்சான பிறகே பழைய கேமரா ஒன்று வாங்கினேன். வாங்கிய வரிசையும் தலைகீழ்தான். சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரிக்குள் நுழைந்தால் கேமராக் கடைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். அங்கே ஒரு மாடிக் கடையில் யாஷிகா மாட் 124ஜி கிடைத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள் கொண்ட பெட்டி. மேல்வில்லை நாம் பார்ப்பதற்கு, கீழ்வில்லை படச்சுருளுக்கு. கழுத்தில் தொங்கவிட்டுக் குனிந்து பார்க்க வேண்டும். தேய்கண்ணாடித் திரையில் இடம் வலமாக மாறித் தெரியும். முதல் வாரம் முழுவதும் நான் வலப்பக்கம் திரும்ப நினைத்தபோதெல்லாம் காட்சி எதிர்ப்பக்கம் ஓடியது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே சதுரப் படங்கள். அதன் ஒளிமானி பாதரச மின்கலத்தில் இயங்குவது. அம்மின்கலம் இப்போது விற்பனையில் இல்லை. கடைக்காரர் அதை மறைக்கவில்லை. "மீட்டர் இறந்துவிட்டது, மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறது" என்றார். பேரம் படியாததால், விலையைக் குறைப்பதற்குப் பதிலாக ஒரு தகரப் பெட்டி நிறைய நிறக்கண்ணாடிகளைக் கொடுத்தார். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பச்சை, அடர்நீலம்.

படச்சுருளுக்கு மட்டும் இறக்குமதியையே நம்ப வேண்டியிருந்தது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஒருகாலத்தில் 'இந்து' என்ற பெயரில் இந்நாட்டுக்கே கறுப்பு வெள்ளைச் சுருள் தந்தது. படச்சுருள் செய்யத் தூசியற்ற காற்று வேண்டும். மலையில் அது இருந்தது. மூடுபனி ஊரில் பிறந்த சுருளில் மூடுபனியைப் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு என் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. இது கட்டுரைக்குத் தொடர்பில்லாத ஏக்கம், விட்டுவிடுகிறேன்.

சென்ற அக்டோபரில் சிம்லா போனேன். மழை நின்று, காற்று கழுவிவிட்டதுபோல இருந்தது. மஷோப்ரா செல்லும் சாலையில் ஒரு வளைவில் நின்று எண்ணினேன். ஐந்து மலைவரிசைகள், அவற்றுக்குப் பின்னால் பனிச்சிகரங்களின் கோடு. ஐந்தாவது வரிசை இளநீலமாக இருந்ததே தவிர, விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. முக்காலியை நிறுத்தி முதலில் கண்ணாடி எதுவுமின்றி ஒரு படம். பிறகு சிவப்புக் கண்ணாடியை வில்லைக்கு முன்னால் கையால் பிடித்துக்கொண்டு ஒன்று. ஆன்சல் ஆடம்ஸ் 1927இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் கண்ணாடியுடனும், மனம் நிறையாமல், கைவசம் எஞ்சியிருந்த கடைசித் தகட்டில் அடர்சிவப்புக் கண்ணாடியுடனும் எடுத்த கதை படித்தவர் அனைவரும் செய்து பார்ப்பதுதான் அது. சிவப்பு வானத்தைக் கறுப்பாக்கும்; தூரத்தை அருகில் இழுக்கும். சுருளில் ஒரு படம் மிச்சமிருந்தது. தகரப் பெட்டியில் கைக்கு வந்த அடர்நீலக் கண்ணாடியைப் பிடித்து அதையும் எடுத்தேன். காரணம் எதுவுமில்லை. சுருளை முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம் என்ற நினைப்புத்தான்.

இவ்வகைக் கேமராவில் நாம் பார்ப்பது மேல்வில்லை வழியாக. கண்ணாடி இருப்பதோ கீழ்வில்லையின் முன்னால். எனவே நீலம் என்ன செய்கிறது என்பதை அங்கே நான் பார்க்கவே இல்லை. கண்ணில் இருந்தது ஐந்து வரிசைகளும் பனிச்சிகரங்களும்தான்.

விடுதிக் குளியலறையில் இரவு பதினொரு மணிக்குமேல் எவரும் வருவதில்லை. கறுப்புப் பைக்குள் கைகளை விட்டுச் சுருளைத் தொட்டிக்குள் ஏற்றி, டெவலப்பரையும் ஹைப்போவையும் முடித்து, கழுவி, துணிக்கொடியில் தொங்கவிட்டேன். மறுநாள் வருடியில் வைத்துப் பார்த்தபோது சிவப்புப் படம் எதிர்பார்த்தபடியே இருந்தது. பனிச்சிகரங்கள் கத்தியால் வெட்டியதுபோல நின்றன. நீலப் படத்தில் முன்னால் உள்ள தேவதாரு தெளிவாக இருந்தது. இரண்டாம் சரிவு மங்கியது. மூன்றாவது வெளிறியது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. வானம் வெறும் தாள்.

முதலில் மகிழ்ந்துதான் போனேன். போர்ன் படம் போலவே ஒன்றை எடுத்துவிட்டேன் என்று தோழிக்குச் செய்தி அனுப்பினேன். குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது உறைத்தது: அன்று மஷோப்ரா சாலையில் பனியே இல்லை.

இதன் வேதியியல் புதிதன்று. புகைப்பட வரலாற்று நூல்கள் அனைத்திலும் இருக்கிறது; நானே தேர்வுக்கு எழுதியிருக்கிறேன். போர்ன் பயன்படுத்தியது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் உருத்துலக்க வேண்டும். அத்தகடு நீலத்தையும் ஊதாவையும் புறஊதாவையும் மட்டுமே உணரும். பச்சையும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. காற்றில் உள்ள மூலக்கூறுகளும் நுண்துகள்களும் சிதறடிப்பதோ பெரிதும் நீல ஒளியை. நமக்கும் தூரத்து மலைக்கும் இடையே எவ்வளவு காற்று உண்டோ அவ்வளவு நீலம் அந்த இடைவெளியிலிருந்து நம்மை நோக்கி வருகிறது. நம் கண் அதைத் தள்ளுபடி செய்து, பச்சையையும் சிவப்பையும் கொண்டு மலையின் விளிம்பைக் கண்டுபிடித்துவிடும். தகட்டுக்கு அந்த வசதி இல்லை. அது காற்றை மட்டுமே பார்த்தது. சாயங்களைச் சேர்த்துத் தகட்டுக்குப் பச்சையை உணரக் கற்பிக்கலாம் என்று ஹெர்மன் ஃபோகல் கண்டறிந்தது 1873இல். போர்ன் இந்தியாவை விட்டுப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் கடைக்கு வர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. சிவப்புக் கண்ணாடி என்ற தப்பிக்கும் வழியும் அவருக்கு இல்லை. நீலம் மட்டுமே அறிந்த தகட்டின் முன்னால் சிவப்புக் கண்ணாடியை வைத்தால் எதுவுமே பதியாது.

ஆக, நான் அழகியல் தெரிவு என்று எழுதியதில் பெரும்பங்கு வெள்ளி உப்பின் குருட்டுத்தனம்.

இயற்பியல் படிக்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவன் எங்கள் உணவுக்கூடத்தில் உண்டு. அவனிடம் இரண்டு படங்களையும் காட்டினேன். "அக்கா, நீங்க இதை மூடுபனின்னு எழுதினதுதான் முதல் தப்பு" என்றான். மூடுபனி என்பது நீர்த்துளி. துளி ஒளியலையைவிட மிகப் பெரியது. எல்லா நிறத்தையும் ஒன்றுபோலவே சிதறடிக்கும், அதனால்தான் அது வெள்ளை. எந்த நிறக்கண்ணாடியும் அதை ஊடுருவாது. தெளிந்த நாளில் தூரத்து மலைமேல் படிவது வேறு. அது நீல மங்கல். ஆங்கிலத்தில் எழுதும்போது நான் இரண்டுக்கும் சேர்த்து 'மிஸ்ட்' என்ற ஒரே சொல்லைப் போட்டிருந்தேன். தமிழில் எழுதியிருந்தால் மூடுபனியா, மஞ்சா, வெறும் மங்கலா என்று ஒரு கணம் நின்றிருப்பேனோ என்னவோ. பிழைக்குச் சாக்குத் தேடவில்லை. ஆனால் அந்தக் கணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே தம்பி இன்னொரு கேள்வியும் கேட்டான். "சரிக்கா, அப்போ அந்தப் பழைய படத்துல இருக்கிற வெளிறல் முழுக்கத் தகட்டோடதுதானா? காகிதத்துக்கு நூத்தம்பது வயசுக்கு மேல ஆச்சே?" அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போர்னின் அச்சுப்படங்கள் ஆல்புமன் தாளில் எடுத்தவை. முட்டை வெண்கருவில் தங்கும் மெல்லிய வெள்ளிப் படலம். அது மஞ்சளாகும், மங்கும். முதலில் மறைவது மிக மெல்லிய சாம்பல் நிறங்கள், அதாவது தூரத்து மலையின் விளிம்புகள்தாம். 1865இல் அவர் கையில் இருந்த படத்தில் இன்னும் ஒரு மலைவரிசை இருந்திருக்கலாம். மூல நெகட்டிவ்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அவர் கூட்டாளியாக இருந்து கல்கத்தாவில் நிலைபெற்ற போர்ன் அண்ட் ஷெப்பர்ட் நிலையத்தில் 1991இல் தீ விபத்து நேர்ந்தது. அங்கிருந்த பழைய நெகட்டிவ்களில் பெரும்பகுதி அதில் போயிற்று. நிலையமும் 2016இல் மூடப்பட்டது.

அப்படியானால் புகைப்படக்காரனின் விருப்பத்துக்கு இதில் இடமே இல்லையா? இல்லை என்று சொன்னால் அது இரண்டாவது பிழையாகிவிடும். இங்கே எனக்கு உதவியவர் போர்ன் அல்லர், லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தவர். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஓடும் அடித்தளத்தை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கியவரும் அவரே. அவர் பயன்படுத்திய மெழுகுக் காகித நெகட்டிவ்வும் நீலத்தை மட்டுமே உணர்வதுதான். வானம் வெளுத்துப்போகும். டிரைப் அதை ஏற்கவில்லை. நெகட்டிவ்வின்மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். இலைகள் சரியாகப் பதியாத இடங்களில் இலைகளையும் தீட்டினார். இதை நான் பல ஆண்டுகளாக அறிவேன். அதை ஒரு வேடிக்கைச் செய்தியாக மட்டும் மனத்தில் வைத்திருந்தேன். இப்போது அது வேறு பொருள் தருகிறது. வெறும் தாளாக நின்ற வானம் அக்காலத்துப் புகைப்படக்காரர்களுக்குத் தெரிவு அன்று, தொல்லை. ஒருவர் அதோடு தூரிகையால் சண்டையிட்டார். மற்றவர் என்ன செய்தார் என்பதைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும். எந்த நேரத்தில் எடுத்தார், எதை முன்னால் நிறுத்தினார், எந்தக் காட்சிகளுக்கு எண்ணிட்டு விற்பனைப் பட்டியலில் சேர்த்தார் என்பவை அவர் கையில் இருந்தவை. அங்கே அதிகாரத்தைப் பற்றிப் பேச இடமிருக்கிறது. வெளிறிய மலையில் இல்லை. இருந்தாலும் அதை இன்னும் எவரும் நிறுவவில்லை, நான் உட்பட.

நெறியாளரிடம் படங்களைக் கொண்டுபோனேன். நெடுநேரம் பார்த்தார். ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடு, பட்டம் கிடைத்தபின் தனிக் கட்டுரையாக எழுதிக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதில் அக்கறையே இருந்தது. உதவித்தொகை எப்போது முடிகிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு வாரம் அடிக்குறிப்பை எழுதிப் பார்த்தேன். பாதிப் பக்கம் வந்தது. மேலே உள்ள வாக்கியம் ஒன்றைச் சொல்ல, கீழே உள்ள குறிப்பு அதை மறுத்துக்கொண்டிருந்தது. இயலை மீண்டும் எழுதுவதாக அவரிடம் சொல்லிவிட்டேன். "ஆறு மாதம் ஆகும்" என்றார். ஆகும்தான்.

ஆய்விதழின் ஆசிரியருக்கும் எழுதினேன். மூன்று படங்களையும் சேர்த்து ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயிரம் சொற்களுக்குள் இருக்க வேண்டுமாம்.

இப்போது செய்துகொண்டிருப்பது இதுதான். ஒரே எண்ணிட்ட காட்சியின் அச்சுப்படங்கள் பல சேகரிப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. சில சட்டமிட்டுச் சுவரில் வெளிச்சம் பட்டவை. சில ஆல்பத்துக்குள் மூடியே இருந்தவை. ஒரே நெகட்டிவ்விலிருந்து வந்தவை என்பதால் அவற்றை அருகருகே வைத்தால், காகிதம் விழுங்கியது எவ்வளவு, தகடு காணத் தவறியது எவ்வளவு என்று ஓரளவுக்காவது பிரிக்க முடியும். நான்கு இடங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒன்றிலிருந்து பதில் வந்திருக்கிறது. அவர்களிடம் இருப்பது நெடுங்காலம் திறக்கப்படாத ஆல்பமாம், வரும் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். உருப்பெருக்கி ஒன்றை நண்பரிடம் கேட்டிருக்கிறேன். உங்களுள் யாரேனும் போர்னின் 1860களின் மலைப்படங்களை எங்காவது பார்த்திருந்தால், அதன் கீழ்மூலையில் கீறியிருக்கும் எண்ணை மட்டும் குறித்து அனுப்புங்கள். எத்தனை மலைவரிசைகள் தெரிகின்றன என்பதையும் எண்ணிச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.